மற்றவை – குறிப்பிடவும்

டிசம்பர் 3, புதன்

என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் அளவுக்கு என்னைத் தெரிந்தவர் யார்? யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

இது தத்துவக் கேள்வி அல்ல. ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் கேட்கிறது. மாதிரிக் கணக்கெடுப்பு முறைகளைப் பற்றி ஓராண்டு முதுகலைப் படிப்பு. நெடுங்காலம் களத்தில் வேலை பார்த்தவர்களுக்கென்றே உதவித்தொகையுடன் பத்து இடங்கள் வைத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தைச் சும்மாதான் திறந்து பார்த்தேன். சும்மா திறந்ததில் ஒன்பது பக்கங்களை நிரப்பியிருந்தேன். பத்தாவது பக்கத்தில், என்னை நன்கு அறிந்த மூன்று பேரின் பெயரையும் மின்னஞ்சலையும் கேட்டார்கள். அந்த மூவரும் ஜனவரி 10க்குள் பரிந்துரைக் கடிதம் அனுப்ப வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் செல்லாது.

அதற்குக் கீழே ஒரு கட்டம்: 'இந்தக் கடிதங்களைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்.' நியாயமாகப் பட்டது. டிக் செய்தேன். இனி அதை எடுக்க முடியாதாம்.

நாற்பத்தெட்டு வயதில் இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். தங்கை திலகத்திடம் இன்னும் சொல்லவில்லை. அடை மாவு அரைத்து வைத்தேன். தேவைக்கு அதிகமாக அரைத்துவிட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

காவேரி கள ஆய்வு மையத்தில் எனக்கு ஒரே வேலைதான்: பொய்ப் படிவங்களைக் கண்டுபிடிப்பது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டிய களப்பணியாளர்களில் சிலர், வெயிலுக்குப் பயந்து டீக்கடையில் உட்கார்ந்து பதில்களையும் தாங்களே எழுதிவிடுவார்கள். படிவங்களில் பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு நான் அதே வீட்டுக்குப் போய் அதே கேள்விகளை மறுபடி கேட்பேன். இருபத்திரண்டு வருடங்களாக இதைச் செய்கிறேன். திருச்சியில் என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தாத தெரு குறைவு.

இன்று பிரபு கொண்டுவந்தது மிக்ஸி சர்வே. எந்தக் கிழமை என்ன சமைத்தார்கள் என்பது அதில் ஒரு கேள்வி. பதினான்கு வீட்டிலும் செவ்வாய்க்கிழமை உப்புமா.

"என்ன பிரபு, செவ்வாய்க்கிழமை உப்புமாதான் கிண்டணும்னு அந்தத் தெருவுல தண்டோரா போட்டாங்களா?"

"இல்ல மேடம்... அந்தத் தெருவே அப்படித்தான்."

"சரி வா, ரெண்டு பேரும் போய்க் கேட்டுட்டு வருவோம்."

வண்டிச் சாவியை எடுத்தேன். பிரபு நகரவில்லை.

"வேண்டாம் மேடம். எங்க வீட்லதான் செவ்வாய்க்கிழமை உப்புமா."

பொய்யைக் காட்டிக்கொடுப்பது அதன் ஒழுங்கு. உண்மையான மனிதர்கள் இவ்வளவு சீராகச் சாப்பிட மாட்டார்கள்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் செழியன் சாரின் படம் வந்தது. ஒரு கடைப் பலகை: 'உலகப் புகழ் பெற்ற புரோட்டா. எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.' நான் பதில் அனுப்பினேன்: 'உலகம் என்பது எந்தத் தாலுகா?'

நெடுஞ்செழியன் சார் எங்கள் மையத்தில் பதினோரு வருடம் களத்தலைவராக இருந்தவர். நான்கு வருடங்களுக்கு முன் தஞ்சாவூரில் ஒரு கல்லூரிக்குப் புள்ளியியல் சொல்லித்தரப் போய்விட்டார். மனைவி இல்லை, எட்டு வருடம் ஆகிறது. மகன் ஓசூரில். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது தப்பும் தவறுமாக ஒரு பலகையைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து அனுப்புவார். நான் திருத்துவேன். பழக்கம், அவ்வளவுதான்.

பரிந்துரைக்கு யாரைக் கேட்பது என்று உட்கார்ந்து யோசித்தேன். எம்.எஸ்சி.யில் சொல்லிக்கொடுத்த அருள்மேரி மேடம். எங்கள் இயக்குநர் சௌந்தரபாண்டியன் சார். மூன்றாவது ஆள் இல்லை. செழியன் சாரைச் சேர்க்கவில்லை. அவருக்குத் தேதிகள் நினைவிருக்காது, கெடுவைத் தவறவிடுவார். என் பிறந்தநாள் மட்டும் நினைவிருக்கும். அது ஆகஸ்ட் 14, மறுநாள் விடுமுறை என்பதால் இருக்கலாம்.

டிசம்பர் 8, திங்கள்

இயக்குநரிடம் கேட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஸ்காட்லாந்தா? பிரமாதம் மேடம்! டிராஃப்ட் போட்டு அனுப்புங்க, கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"டிராஃப்ட் நான் போடக் கூடாது சார். நீங்கதான் எழுதணும்."

"நானா?" முகத்தில் உண்மையான அச்சம். "கார்த்திகேயன் ஜெர்மனி போனப்ப யார் எழுதினது? ஸ்டெல்லாவுக்கு? அந்த ரெட்டைப் பசங்களுக்கு? எல்லாத்துக்கும் நீங்கதானே எழுதினீங்க, நான் கையெழுத்துதானே போட்டேன்?"

"அவங்களைப் பத்தி எனக்குத் தெரியும் சார். அதான் எழுதினேன்."

"உங்களப் பத்தியும் உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்?"

நாடு முழுக்க இதுதான் வழக்கம் என்பது எனக்குத் தெரியாததல்ல. பரிந்துரை வேண்டுபவரே தன்னைப் புகழ்ந்து எழுதிக்கொண்டு போவார். பெரியவர் கையெழுத்திடுவார். படிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு அதை நானே எழுதுவதென்றால், டீக்கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்புவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இனிமேல் பிரபுவின் முகத்தைப் பார்த்து நான் எப்படிக் கத்துவது?

இதையெல்லாம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "எத்தன வரி மேடம்?" என்றார் கடைசியில், ஊசி போடப் போகிற நர்சிடம் கேட்பதுபோல.

டிசம்பர் 10, புதன்

இயக்குநர் என் மேசைக்கருகே மூன்று முறை வந்து நின்றார். நான் நிமிர்ந்தால் காலண்டரைப் பார்க்கிறார்.

டிசம்பர் 11, வியாழன்

"மேடம், உங்க பலம்னு எதச் சொல்லலாம்?"

"நீங்க கேக்கக் கூடாது சார்."

"சரி. பலவீனம்?"

"அதையும்."

"இதுதான்" என்று முணுமுணுத்தபடி போனார். பலமா, பலவீனமா என்று சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடங்களில் முதல் முறையாக அவர் நான் வேலை செய்வதைப் பார்க்கிறார். சிவப்புப் பேனாவால் சுழிக்க வேண்டியதைப் பச்சையால் சுழித்துவிட்டேன்.

டிசம்பர் 13, சனி

கன்டோன்மென்ட் பக்கம் அருள்மேரி மேடம் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுப் பதினேழு வருடம் ஆகியிருக்கிறது. கதவைத் திறந்தவர் கையில் பாதி உரித்த சாத்துக்குடி.

"யாரும்மா?"

"மங்கையர்க்கரசி மேடம். தொண்ணூத்தொம்பதுல எம்.எஸ்சி. முடிச்சேன்."

"அந்த பேட்ச்சுல நல்லாப் பாடுவியே, அந்தப் பொண்ணா?"

"இல்ல மேடம்."

"ஹாஸ்டல்ல பாம்பு அடிச்சவளா?"

"அதுவும் இல்ல மேடம்."

"அப்ப யாருதான் நீ?"

வந்த வழியே போய்விடலாமா என்று தோன்றியது. ஆனாலும் நின்றேன். சாத்துக்குடியின் மற்ற பாதியையும் உரித்து முடித்தார். திடீரென்று கையை நீட்டி என்னைச் சுட்டினார்.

"மார்க் கூட்டினது தப்புன்னு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தியே! எல்லாரும் கொறஞ்சு போச்சுன்னு வருவாங்க. நீ ரெண்டு மார்க் அதிகமாப் போட்டுட்டீங்கன்னு வந்தே. எவ்ளோ கோவம் வந்துச்சு தெரியுமா உன் மேல?"

"சாரி மேடம்."

"நெஜமாவே நான்தான் தப்பாக் கூட்டியிருந்தேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு பேப்பரையும் ரெண்டு தடவ கூட்டுவேன். ரிட்டயர் ஆகற வரைக்கும். கை ஒடிஞ்சு போச்சு உன்னால." சாத்துக்குடியில் பாதியை என் கையில் வைத்தார். "எதுக்கு இப்பப் போய்ப் படிப்பு?"

தயாராக வைத்திருந்த பதில் மறந்துபோயிற்று. "ஒரு படிவத்தப் பாத்தா அது பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சுடுது மேடம். எப்படித் தெரியுதுன்னுதான் தெரியல. அத ஒரு முறையா ஆக்க முடியுமான்னு பாக்கணும். இருபது வருஷமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானே கையால எழுதி, முக்கு கடையில ஸ்கேன் பண்ணி அனுப்பிடறேன். என்ன எழுதினேன்னு போன் பண்ணிக் கேட்டே, அந்த ரெண்டு மார்க்கையும் திருப்பிப் போட்டுடுவேன்."

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தில்லை நகரில் இறங்க வேண்டியவள் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன். நடந்து திரும்பும்போது சிரிப்பு வந்தது. தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டு போகும் பெண்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று தெரியும். இருந்தும் வந்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. திலகம் விடியுமுன்பே எழுந்து, வாசலை அடைத்துக் கோலம் போட்டு, பறங்கிப் பூவைச் சாணி உருண்டையில் செருகிக்கொண்டே கேட்டாள்.

"ஏக்கா, நீ ஸ்காட்லாந்து போறியாமே?"

"உனக்கு யார் சொன்னது?"

"உன் டைரக்டர் போன் பண்ணாரு. 'அக்காவோட நல்ல கொணம் ஏதாவது ரெண்டு சொல்லும்மா'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சு வைக்கறேன், நாளைக்குக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டேன்." சிரித்துச் சிரித்து அவள் போட்ட சுழி கோணிவிட்டது. "மூணு பேர் வேணுமாமே. தஞ்சாவூர்க்காரரக் கேக்க வேண்டியதுதானே?"

"எந்தத் தஞ்சாவூர்க்காரர்?"

"ஆமா, உனக்குத் தஞ்சாவூர்ல நூறு பேரு."

டிசம்பர் 21, ஞாயிறு

இன்றைய படம்: 'இங்கு 100% அசல் தேன் கிடைக்கும். மற்ற தேனும் கிடைக்கும்.' நான் திருத்தவில்லை. அழைத்தேன். இதுவரை ஞாயிற்றுக்கிழமையில் நாங்கள் பேசியதில்லை, எழுத்தோடு சரி. விஷயத்தைச் சொன்னேன். முதலில் ரொம்பச் சந்தோஷப்பட்டார். "எவ்ளோ நாள் முன்னாடி பண்ணியிருக்க வேண்டியது மேடம்!" என்றார். அப்புறம் மூன்றாவது கடிதத்தை அவரால் எழுத முடியுமா என்று கேட்டேன்.



"முடியாது மேடம்."

"நேரம் இல்லையா சார்?"

"நேரம் இருக்கு."

"அப்ப?"

"முடியாது மேடம். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க எதுவும் இல்லை. நன்றாகத் தெரிந்தவரிடம்தான் கேட்கச் சொன்னார்கள். பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்ததால் நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நான் கருதியது ஓர் அனுமானம். அனுமானங்கள் பொய்ப்பது இயல்பு.

டிசம்பர் 22, திங்கள்

வேலை அதிகம்.

டிசம்பர் 28, ஞாயிறு

படம் வரவில்லை. நெட்வொர்க் சரியில்லை போலிருக்கிறது. போனை ஒருமுறை அணைத்துப் போட்டேன். திலகத்துக்கு ஐந்து காலை வணக்கங்கள் வந்திருந்தன. அவளுடையது வேறு நிறுவனம்.

டிசம்பர் 30, செவ்வாய்

இயக்குநர் மதியம் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு விரல்களால் தட்டச்சு செய்யும் சத்தம். நான்கு மணிவாக்கில் கதவு திறந்தது. பிரசவ வார்டிலிருந்து வெளியே வந்த தகப்பனைப் போல நின்றார்.

"மேடம்! ரெண்டு பக்கம்! மொத்தமும் நானே!"

அலுவலகம் முழுக்கக் கைதட்டியது. போண்டா வரவழைத்தார். பிரபு எதற்கென்று தெரியாமலே மூன்று தின்றான். எல்லோரும் கலைந்த பிறகு என் மேசைக்கு வந்தார். இந்த முறை காலண்டரைப் பார்க்கவில்லை.

"எழுத உக்காந்தப்பதான் மேடம் தெரிஞ்சுது. நீங்க போயிட்டா இங்க எவன் எழுதற எதையும் நம்ப முடியாது. என்னையும் சேத்துத்தான்." மூக்கை உறிஞ்சினார். "கெடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கலாம்னு பாத்தேன். லெட்டரப் படிச்சா கெடைச்சிடும்போல இருக்கு."

விண்ணப்பப் பக்கத்தில் அருள்மேரி மேடத்தின் பெயருக்கு எதிரே நேற்றே 'பெறப்பட்டது' என்று வந்துவிட்டது. ஆக இரண்டு.

ஜனவரி 4, ஞாயிறு

படம் இல்லை. இன்றும் நெட்வொர்க்.

தெப்பக்குளம் பக்கம் காய் வாங்கப் போனபோது ஒரு பலகை கண்ணில் பட்டது: 'சுத்தமான நெய்யில் செய்தது (பெரும்பாலும்).' இந்த ஊரில் நான் பார்த்த ஒரே நேர்மையான விளம்பரம். படம் எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை. கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

பரிந்துரைக் கடிதத்துக்கென்றே ஒருவர் இருப்பதாகக் கணக்காளர் சொன்னார். முனைவர் புருஷோத்தமன், கல்வி ஆலோசகர். வாட்ஸாப்பில் கேட்டேன். கேட்டு வாய் மூடுமுன் குரல் செய்தி வந்தது.

"வணக்கம் மேடம்! நம்மகிட்ட மூணு மாடல் இருக்கு. சாதா, ஸ்பெஷல், ஃபாரின். ஃபாரின்ல 'நான் கண்ட மாணவர்களிலேயே தலைசிறந்தவர்'னு வரும். நீங்களே எழுதிக் கொடுத்தாலும் சரி, பேரு நம்ம பேரு."

இந்த ஆள் தலைசிறந்தவர்களாக இதுவரை எத்தனை பேரைக் கண்டிருப்பார்? கேட்கவில்லை.

ஜனவரி 7, புதன்

இன்னும் மூன்று நாட்கள்.

பழகிப் பார்க்கத்தானே என்று நானே ஒன்றை எழுத உட்கார்ந்தேன். வேறொருவர் என்னைப் பற்றிச் சொல்வதாக. 'இவர் கடின உழைப்பாளி. நேரம் தவறாதவர். பொறுப்பு மிக்கவர்.' எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பதினான்கு வீட்டிலும் செவ்வாய்க்கிழமை உப்புமா.

மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை வேண்டுமென்றே அள்ளி விட்டேன். இவர் நடந்து வந்தால் பொய்ப் படிவங்கள் தாமாகவே கிழிந்துகொள்ளும். இவர் பெயரைச் சொல்லித்தான் உறையூரில் களப்பணியாளர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சோறூட்டுகிறார்கள். இவர் கண்ணில் ஒரு முறை பட்ட தசமப் புள்ளி பிறகு இடம் மாறியதே இல்லை. எழுதி முடித்து, கண்ணில் நீர் வரும்வரை தனியாகச் சிரித்தேன். திலகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு இரண்டையும் அழித்தேன்.

புருஷோத்தமனிடம் போக மாட்டேன். இரண்டு கடிதங்களோடு இது இப்படியே நிற்கட்டும். சும்மாதானே திறந்தேன்.

இல்லை. சும்மா இல்லை. எனக்கு இந்த இடம் வேண்டும். ரொம்ப வேண்டும். எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

ஜனவரி 9, வெள்ளி

மூன்று மணிக்கு அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் செழியன் சார் உட்கார்ந்திருப்பதாகப் பிரபு வந்து சொன்னான். அந்த டீக்கடையில் யார் உட்கார்ந்திருந்தாலும் உடனே என்னிடம் சொல்ல வேண்டும் என்பது நான் போட்ட உத்தரவு.

போனேன். இன்று மாம்பழ நிறப் புடவை உடுத்தியிருந்தேன். நேற்று இஸ்திரி போட்டதில் அதுதான் மேலே இருந்தது.

"மூணாவது லெட்டர் இன்னும் போகலையாமே?" என்றார்.

"யார் சொன்னது?"

"டைரக்டர். அவரு எழுதின ரெண்டு பக்கத்தையும் போன்லயே படிச்சுக் காட்டினாரு."

"என்ன எழுதி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். உரிமையை விட்டுக்கொடுத்தவள் நான். "நீங்க ஏன் சார் முடியாதுன்னீங்க? அதச் சொல்லுங்க."

டீ வந்தது. கிளாசைச் சுற்றிச் சுற்றி வைத்தார்.

"என் ஸ்டூடன்ட்ஸுக்கு இந்த மாதிரி நெறைய எழுதியிருக்கேன் மேடம். லிங்க்கத் தொறந்ததும் மொதக் கேள்வியே, விண்ணப்பதாரருக்கும் உங்களுக்கும் என்ன உறவுங்கறதுதான். நாலு கட்டம். ஆசிரியர். மேலதிகாரி. சக பணியாளர்."

"சக பணியாளர்னு போடுங்க."

"அது நாலு வருஷம் முன்னாடி. இப்ப என்னன்னு கேக்கறான்."

"நாலாவது கட்டம்?"

"மற்றவை. குறிப்பிடவும்."

வடைக்காரர் எண்ணெயில் எதையோ போட்டார். அது அடங்கும்வரை இருவரும் அதையே கவனித்தோம்.

"மற்றவைன்னு டிக் பண்ணிட்டு மிச்சத்த விட்டுட வேண்டியதுதானே?" என்றேன்.

"யாரு, நீங்களா சொல்றது? குறிப்பிடாம விட்டுட்டு வந்தான்னு ஃபீல்டு பையன் ராஜசேகர அதே வெயில்ல மணப்பாறைக்குத் திருப்பி அனுப்பினது யாரு?"

"சரி, நண்பர்னு ஏதாவது எழுதுங்க."

"நானா எழுதினா, இதோ இந்தப் பெஞ்சுல உக்காந்து நெரப்பின படிவம் ஆயிடும் மேடம். பொய்யில ஆரம்பிக்கிற லெட்டர நீங்களே ரிஜெக்ட் பண்ணுவீங்க. அன்னைக்கு எனக்குக் கேக்கத் தைரியம் இல்ல, அதான் முடியாதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் படமும் அனுப்பத் தோணல. அனுப்பினா நீங்க திருத்துவீங்க, நானும் பழையபடி அடுத்த ஞாயித்துக்கிழமைக்குக் காத்துட்டிருப்பேன்." நிமிர்ந்து பார்த்தார். "இப்பக் கேக்கறேன். அந்தக் கோட்டுல நான் என்ன எழுதட்டும்?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

எங்கள் பயிற்சிக் கையேட்டின் ஆறாம் பக்கத்தை எழுதியவள் நான்தான். 'கேள்வியைக் கேட்டபின் காத்திருக்கவும். பதிலை எடுத்துக்கொடுக்க வேண்டாம். பதிலளிப்பவர் மௌனமாக இருந்தால் நீங்களும் மௌனமாக இருக்கவும்.' எவ்வளவு கொடுமையான விதி என்பது இன்றுதான் தெரிந்தது.

"எனக்கு அங்க இடம் கெடைச்சா ஒரு வருஷம் இங்க இருக்க மாட்டேன்" என்றேன். அது கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல என்பது எனக்கே தெரியும்.

"கெடைக்கணும். அதுக்குத்தானே லெட்டர்." இப்போது லேசாகச் சிரித்தார். "பஸ்ஸுல ஒரு மணி நேர தூரத்துல நாலு வருஷம் இருந்தோம். ஒண்ணும் நடக்கல. அதனால தூரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு தோணுது."

"ரெண்டே ரெண்டு பேர வெச்சு அப்படியெல்லாம் முடிவுக்கு வரக் கூடாது."

"சரி மேடம். மொத்த ஜனத்தொகையே ரெண்டு பேர்தான்னா?"

நான் எழுந்துகொண்டேன். காலையில் போன் செய்கிறேன் என்றேன். அவர் தலையசைத்தார். அலுவலகத்துக்குத் திரும்பி, பூட்டியிருந்த அலமாரியை மறுபடி பூட்டினேன்.

இப்போது நிதானமாக யோசித்துவிட்டேன். நாளை பத்து மணிக்கு அழைப்பேன். 'முன்னாள் சக பணியாளர், தற்போது நண்பர்.' சுருக்கமாகவும் இருக்கிறது, பொய்யும் இல்லை. கண்ணாடி முன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். சரியாக வருகிறது.

ஜனவரி 10, சனி

நடந்தது இது.

பத்து மணிவரை நான் காத்திருக்கவில்லை. பால் வாங்கப் போனவள், பனியில் காதுக்குக் குல்லாய் மாட்டிய நாலு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டே அழைத்துவிட்டேன். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை, எடுத்தார்.

"எழுதிக்கோங்க" என்றேன். "முன்னாள் சக பணியாளர்."

"ம்."

"தற்போது..."

கண்ணாடி முன் சொன்ன சொல் வரவில்லை. அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பார், என்னிடம் பயிற்சி பெற்றவர். கோயில் ஒலிபெருக்கி ஒரு பாட்டை முடித்து அடுத்ததற்கு இருமிக்கொண்டிருந்தது. குல்லாய்க்காரர்கள் நான்கு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"தற்போது," என்றேன், அவர் எழுத வேண்டிய விதத்திலேயே, "ஞாயித்துக்கிழமை என்கிட்டேருந்து படம் வரலைன்னா நெட்வொர்க்கக் கொற சொல்றவங்க. அப்படி எழுதுங்க."



"அப்படியேவா எழுதணும்?"

"பதில் சொல்றவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதணும். ஏழாம் பக்கம்."

"இங்கிலீஷ்ல எழுதணுமே மேடம்!"

"அது உங்க பாடு."

"ரெண்டு வாரம் படம் வராதப்ப..."

"ஒரு நேரத்துல ஒரு கேள்விதான். எட்டாம் பக்கம். மிச்சத்த நாளைக்குக் கேளுங்க. நேர்ல வந்து." வைத்துவிட்டேன். குல்லாய்க்காரர் ஒருவர் எனக்கு வரிசையில் முன்னே வழிவிட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

திலகம் வாசலிலேயே நின்றிருந்தாள். "பால் எங்கக்கா?"

கையைப் பார்த்தேன். தூக்குவாளி காலியாக இருந்தது. அவள் என் முகத்தையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுவா இருந்தாலும் தை பொறந்ததும் சொல்லு. மார்கழியில இதெல்லாம் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மூன்றாவது இடத்தில் அவர் பெயரையும் மின்னஞ்சலையும் நிரப்பினேன். மதியம் அந்தப் பெயருக்கு எதிரேயும் 'பெறப்பட்டது' என்று வந்தது. என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் இல்லை. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். விண்ணப்பம் போய்விட்டது.

பால் இல்லாததால் திலகம் காலையில் கடுங்காப்பி போட்டுக் கொடுத்திருந்தாள். குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தாளா என்று இப்போது யாராவது வந்து மறுசரிபார்ப்பு செய்தால், என்னால் சொல்ல முடியாது.